மானுக்குக் கொடுத்த அரை மணி நேரம்

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் கணவன் மிட்சும் கேபினுக்குப் போய்ச் சேர்ந்தோம். பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் தள்ளியதும் எலிப்புழுக்கை நாற்றமும் ஈரச் சாம்பலின் நாற்றமும் வந்தன. அவற்றுக்கு அடியில் மெல்லிசாக என் தம்பி டெரிக் தேய்த்துக் குளிக்கும் வாசனையில்லாத சோப்பின் வாசனை. மானுக்கு மூக்கு கூர்மை என்பதால் வில் வேட்டைக்காரர்கள் அந்தச் சோப்பைத்தான் போடுவார்கள். வாசனையில்லாத சோப்புக்கும் ஒரு வாசனை உண்டு. வேட்டைக்காரர்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியும்.

நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். மிட்ச் வண்டியிலிருந்து பீர் பெட்டியையும் மான் தொத்திறைச்சியையும் இறக்கினான். டெரிக்கின் வில்லை மட்டும் நானே தூக்கி வந்தேன்.

டெரிக் போன நவம்பரில் இந்தக் காட்டில்தான் செத்தான். முப்பத்து மூன்று வயது. ஓடைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஓக் மரத்தில், இருபது அடி உயரத்தில் அவனுடைய பரண். விடியற்காலையில் பரணின் கம்பி அறுந்திருக்கிறது. உடம்பில் கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டை அவனைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பட்டைதான் எமன். ரொம்ப நேரம் அதில் தொங்கினால் தொடையில் ரத்தம் கட்டிக்கொண்டு ஆளைக் கொன்றுவிடும். வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

அன்றைக்கு மிட்சும் காட்டில்தான் இருந்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நூற்றைம்பது கஜம் தள்ளி, அவன் பரணில். அவன்தான் டெரிக்கைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தான்.

"அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது பிரிட்டா. தூங்குற மாதிரிப் போயிட்டான். ஒரு சின்னச் சத்தம்கூட இல்ல" என்றான்.

குளிர்காலம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் போர்த்திக்கொண்டுதான் நான் படுத்தேன்.

இப்போது நான் வந்திருப்பது வில் பழகுவதற்கு. செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை வில் வேட்டை தொடங்குகிறது. அன்றைக்கு அதே ஓக் மரத்தில், புதுப் பரணில், டெரிக்கின் வில்லோடு உட்காருவது என்று முடிவு செய்திருந்தேன். மான் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. அவன் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து ஒரு விடியலைப் பார்த்துவிட்டால், இந்த அழுகை கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன்.

மிட்சுக்கு இது பிடிக்கவில்லை.

"என்ன வீம்பு இது? துப்பாக்கி சீசனுக்கு வாயேன். தரையில உக்காந்து சுடலாம்."

"முடியாது."

"உங்க குடும்பத்துக்கே மண்டையில மூளைக்குப் பதிலா ஓக் கட்டை." அவன் சிரித்துவிட்டு என் தோளில் கைபோட்டான். "சரி, ஏறு. நான் பள்ளத்துக்கு அந்தாண்டதான இருக்கப்போறேன். ஏதாச்சும்னா விசில ஊது. அடுத்த நிமிஷம் மரத்தடியில நிப்பேன்."

பரணில் ஏறுகிற ஒவ்வொருவர் பட்டையிலும் ஒரு விசில் தொங்கும். மூன்று தரம் ஊதினால் 'வா' என்று அர்த்தம். கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு ஆள். அந்த ஆளை நம்பித்தான் ஏறுகிறோம். நான் மிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

பயிற்சி, கேபினை ஒட்டிய கொட்டகையின் கூரையிலிருந்து. பரணிலிருந்து விடுகிற அம்பு கீழ்நோக்கிப் போக வேண்டும் என்பதால் உயரத்தில் நின்றுதான் பழக வேண்டும். இருபது கஜத்தில் எங்கள் ரப்பர் மான். ஒரு காதை அணில் தின்றுவிட்டது. நெஞ்சில், முன்காலுக்குச் சற்றுப் பின்னால், டெரிக் பல வருஷம் அம்பு விட்டு உண்டாக்கிய கைப்பிடி அளவுப் பள்ளம்.

"கைய இறக்காத, இடுப்ப மடி" என்று கீழேயிருந்து மிட்ச் கத்துவான். "அங்க என்ன, டான்ஸா ஆடுற? மான் சிரிக்குது பாரு!"

நல்ல வாத்தியார்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். காலையில் எழுந்ததும், காபி குடிப்பதற்கு முன்னால், விறைத்த கையோடு விடுகிற முதல் அம்புதான் கணக்கு என்பான். காட்டில் மான் உனக்கு இரண்டாவது அம்பு தராது. அம்பு பட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே மூன்று தரம் ஒப்பிக்கச் சொன்னான்.

"பட்டா உடனே இறங்கி ஓடாத. அரை மணி நேரம் அப்படியே உக்காரு. தொரத்துனா அடிபட்ட மான் பக்கத்து ஊர் வரைக்கும் ஓடும். விட்டுட்டா பக்கத்துலயே படுத்து உயிர விட்டுரும். அரை மணி நேரம். வாட்ச்ச பாத்துக்கோ."

"சரி, வாத்தியாரே."

ஞாயிற்றுக்கிழமை காலை. பனிமூட்டம் இடுப்பளவு நின்றது. ரப்பர் மானின் முதுகும் தலையும் மட்டும் பனிக்கு மேலே தெரிந்தன. நான் வில்லை இழுத்தேன். நாண் உதட்டோரம் வந்து தொட்டது. நாணில் பூசிய தேன்மெழுகு மணத்தது. மூச்சைப் பாதி விட்டுப் பிடித்தேன். அந்த இரண்டு நொடியில் உலகத்தில் எந்தச் சத்தமும் இருக்காது.

அப்போது கேட்டது.

மெல்லிய விசில்.

மூன்று தரம்.

காட்டுக்குள்ளிருந்து, ஓடைப் பக்கமிருந்து வந்தது. மூன்றாவது ஊதல் பாதியில், காற்றுப் போதாமல் அறுந்தது.

என் விரல் தானாக, நாணை விடுவிக்கும் விசையைத் தட்டிவிட்டது. அம்பு மானின் முதுகுக்கு மேலே பறந்து பனிக்குள் மறைந்தது.

"கேட்டுச்சா?" என்றேன்.

"என்னது?"

"விசில்."

"நீலக் குருவியா இருக்கும். அதுங்க எல்லாத் தினுசாவும் கத்தும்." அவன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான்.

நான் அடுத்த அம்பை எடுத்தேன். ஆனால் ஒன்றைப் பார்த்திருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவன் தலை திரும்பியிருந்தது. ஓக் மரம் இருக்கும் திசைக்கு. இருபது வருஷம் காட்டில் காது தீட்டியவன் அவன். வாய் பொய் சொல்லலாம், கழுத்துக்குச் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து தினமும் கேட்டது. வில்லை முழுக்க இழுத்து, மூச்சைப் பிடிக்கும் அந்த இரண்டு நொடியில் மட்டும். வில்லை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தால் கொசுச் சத்தமும் ஓக் கொட்டைகள் விழும் சத்தமும்தான். மறுபடி இழுத்தால் மூன்று ஊதல். நான்காம் நாள் நான் அம்பே வைக்காமல் வெறும் வில்லை இழுத்துப் பிடித்து, அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட, அது டெரிக்கின் மூச்சு என்று நம்புகிற ஆசைதான் பெரிதாக இருந்தது.

தவறிப்போன அம்பைத் தேட வேண்டியிருந்தது. அம்பைக் காட்டில் விட்டுவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் பெரிய கேவலம். யார் வீட்டு மாட்டுக்காலிலாவது ஏறும். புதன்கிழமை மிட்ச் பலசரக்கு வாங்க ஊருக்குப் போயிருந்தபோது தனியாகப் போனேன். ரப்பர் மானுக்குப் பின்னால் புல்லைக் காலால் தள்ளித் தள்ளித் தேடினேன். இல்லை. வேலிக்கு அப்பால் தேடினேன். அங்கும் இல்லை. கால் போன போக்கில் ஓடைப் பக்கம் வந்துவிட்டேன் என்பது ஓக் மரத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

என் அம்பு அங்கே இருந்தது.

குத்தியிருக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சார்த்தி வைப்பதுபோல் மரத்தில் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது.

கொட்டகையிலிருந்து அந்த மரம் இருநூறு கஜம். நடுவில் எத்தனையோ மரங்கள். எந்த அம்பும் அங்கே வந்து சேராது.

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே மிட்ச் சனிக்கிழமை மாட்டிய புதுப் பரண். அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே, மரத்தில் இரண்டு வெள்ளைத் தழும்புகள். பக்கத்துப் பக்கத்தில், குதிகால் அகலத்துக்கு. மரப்பட்டை உரிந்து உள்மரம் தெரிந்தது. முதுகை மரத்துக்குக் காட்டித் தொங்குகிறவன் பின்னால் உதைத்தால் குதிகால் படும் இடம். ஓர் உதையில் அப்படி உரியாது. நூறு உதையில் உரியும். தூக்கத்தில் போனவன் நூறு தரம் உதைப்பானா?

பிறகுதான் அடுத்ததைக் கவனித்தேன். தழும்புகள் பழையவை இல்லை. பத்து மாதத்தில் கறுத்துப் போயிருக்க வேண்டிய மரம் ஈரமாக, வெள்ளையாக, அப்போது வெட்டியதுபோல் இருந்தது. என் காலடியில் பட்டைச் சிம்புகள் புதுசாகக் குவிந்து கிடந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிம்பு மேலிருந்து வந்து என் சட்டைக் கையில் விழுந்தது.

உள்ளங்கையை மரத்தில் வைத்தேன்.

தொம்.

காதில் இல்லை. கையில்.

தொம். தொம்.

அம்பைக்கூட எடுக்காமல் ஓடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் மிட்சிடம் சொன்னேன். அவன் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"மரங்கொத்தி" என்றான்.

என் கணவன் எல்லாவற்றுக்கும் ஒரு பறவை வைத்திருந்தான்.

வேட்டை தொடங்க இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை காலை நாணை இறுக்கிக்கொள்ள கார்டியிடம் போனேன். கார்டி எங்களுக்கு ஒரு மைல் தள்ளிப் பண்ணை வைத்திருப்பவர். வீட்டுக் கார் கொட்டகையிலேயே வில் கடை. அறுபத்தைந்து வயது, வாய்க்கு மட்டும் பதினெட்டு.

"வாம்மா பிரிட்டா! ரப்பர் மான் உசுரோட இருக்கா, இல்ல நீ பக்கத்துல இருந்த கக்கூஸச் சுட்டுட்டியா?"

"கக்கூஸ் பிழைச்சிருச்சு கார்டி. மானுக்குத்தான் சந்தேகம்."

அவர் சிரித்துக்கொண்டே வில்லை இடுக்கியில் பொருத்தினார். நாணை முறுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்.

"உங்க பக்கம் இன்னும் எவனாச்சும் நாய் பழக்குறானா?"

"நாயா? யாரும் இல்லையே. ஏன்?"

"போன வருஷம் ஒரே விசிலு. அதான், டெரிக் தம்பி போன அன்னைக்குக் காலைல. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். மூணு மூணா ஊதுறான், நிறுத்துறான், ஊதுறான். ஏழு மணிக்கு ஆரம்பிச்சு ஏழரை தாண்டியும். வேட்டை சீசன்ல எந்தப் பைத்தியக்காரன் நாய் பழக்குறான்னு திட்டிட்டே இருந்தேன். அப்புறம் அந்தச் செய்தி வந்துச்சா, எல்லாம் மறந்தே போச்சு."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"கடவுளே" என்றார் மெதுவாக. "அது நாய்க்காரன் இல்லியா?"

ஒரு மைல் தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவருக்குக் கேட்டிருக்கிறது. நூற்றைம்பது கஜத்தில் இருந்தவன் 'ஒரு சத்தம்கூட இல்ல' என்று என்னிடம் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, பத்து மாதம் எனக்கு அவனே ஊட்டியும் விட்டிருக்கிறான்.

அன்று சாயங்காலம் கூரையில் ஏறி நின்றேன். வெயில் சாய்ந்து காட்டின் நிழல் புல்வெளியில் பாதி வரை வந்திருந்தது. மிட்ச் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருந்தான். நான் வில்லை இழுத்தேன். மூன்று ஊதல் வந்தது, வழக்கத்தைவிடக் கிட்டத்தில். கத்தி ஆப்பிளில் பாதியில் நின்றது.

வில்லை இறக்கினேன்.

"அன்னைக்கு விசில் கேட்டுச்சா மிட்ச்?"

"எத்தன தடவ சொல்றது, ஒண்ணும் கேக்க..."

"கார்டிக்குக் கேட்டிருக்கு. மாட்டுத் தொழுவத்துல நின்னவருக்கு."

அவன் கத்தியை மடக்கிப் பையில் போட்டான். ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வெளையாடுறான்னு நெனச்சேன்."

"அவன் என்னைக்காவது விசில்ல வெளையாடியிருக்கானா?"

அவன் மிச்ச ஆப்பிளைப் புல்லில் எறிந்தான்.

"சொல்லு. வெளையாடியிருக்கானா?"

"இல்ல. கலைமான் வந்து நின்னுச்சு பிரிட்டா. முப்பது கஜம். நாலு வருஷமா நானும் அவனும் தேடின அதே கலைமான். விசில் கேட்டுத் தலயத் தூக்குச்சு. நான் அசைஞ்சா போயிருக்கும். ஒரு நிமிஷம்தானேன்னு நெனச்சேன். சத்தியமா, ஒரே ஒரு நிமிஷம்."

"அப்புறம்?"

"விட்டேன். பட்டுச்சு."

"பட்டுச்சுல்ல? அப்புறம் ஓடிப் போயிருக்கலாம்ல?"

அவன் தரையைப் பார்த்தான்.

"மிட்ச். பட்டதுக்கு அப்புறம் என்ன பண்ண?"

"இறங்கினா... மான் எழுந்து ஓடிரும்னு..."

"அவன் ஊதிட்டே இருந்தானா?"

"ஆமா. மெதுவா. கடைசில ரொம்ப மெதுவா."

அரை மணி நேரம். மானுக்குக் கொடுத்திருக்கிறான். வாட்ச்சைப் பார்த்து, விதி தவறாமல், மான் நிம்மதியாகச் சாகட்டும் என்று.

அந்த மானின் தலை எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பத்துக் கிளைக் கொம்பு. சவ அடக்கத்துக்கு வந்தவர்களிடம் 'இது டெரிக்குக்காக' என்று சொல்லி அழுதான், ஊரே சேர்ந்து அழுதது. குளிர்காலம் முழுக்க அந்தக் கொம்பில் தூசி தட்டியவள் நான். துணியை நனைத்து, கண்ணாடிக் கண்களைக்கூட மெதுவாகத் துடைத்தேன். அதை நினைத்தபோது வந்த அருவருப்பு இன்னும் என் விரல்களை விட்டுப் போகவில்லை.

எனக்குக் கத்த வரவில்லை. "சனிக்கிழமை நான் அந்த மரத்துல தொங்கி விசில் ஊதியிருந்தா?" என்று மட்டும் கேட்டேன். "அப்ப ஒரு கலைமான் வந்திருந்தா?"

அவன் எழுந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"அந்தப் பரண இப்பவே பிரிச்சுப் போட்டுட்டு வரேன். நீ அதுல ஏறவே வேணாம். யாருமே ஏற வேணாம்." ஸ்பானரையும் பாதுகாப்புப் பட்டையையும் எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போனான்.

நான் கூரையிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை. வில் என் மடியில் கிடந்தது.

ஆறு மணி ஐந்து நிமிஷம்.

விசில்.

மூன்று தரம்.

இங்கே நான் ஒன்றும் மறைக்கப் போவதில்லை. அதுவரை வில்லை இழுத்தபோது மட்டுமே அந்தச் சத்தம் வந்திருக்கிறது. இப்போது வில் மடியில். இது வேறு என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், 'இது டெரிக்தான், தினமும் கேட்கிறதுதானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன். 'நீலக் குருவியாக இருக்கும்.' அதைச் சொன்னபோது என் உதட்டில் சிரிப்புக்கூட வந்தது.

மறுபடி மூன்று.

நான் கூரையிலிருந்து இறங்கினேன். காட்டுக்குப் போகவில்லை. ரப்பர் மானிடம் போனேன். அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் சட்டையில் துடைத்தேன். அம்புக் கூட்டில் வரிசையாக வைத்தேன்.

மறுபடி மூன்று. இந்தத் தடவை அவசரம் இருந்தது. கெஞ்சல் இருந்தது.

வாட்ச்சைப் பார்த்தேன். ஆறு இருபது.

ஆறு இருபத்தைந்து.

ஆறரை மணிக்கு விசில் நின்றது. கொசுவும் இல்லை, ஓக் கொட்டை விழவும் இல்லை. சத்தம் இருந்தவரை கல்லாக இருந்தவளை அந்த நிசப்தம் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. நான் ஓடினேன்.

பரண் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதற்குக் கீழே மிட்ச், முதுகு மரத்தில் உரச, தலை மார்பில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். உதடு ஊதா. குதிகால்கள் அந்த இரண்டு வெள்ளைத் தழும்புகளின் மேலேயே, அளவெடுத்ததுபோல். நான் மரத்தில் திருகியிருந்த படிகளில் ஏறி, ஒரு கயிற்றைச் சுருக்குப் போட்டு அவன் பாதத்துக்கு அடியில் கொடுத்து, எடை தாங்க வைத்தேன். கன்னத்தில் அறைந்தேன். மூச்சு இருந்தது. ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் செய்தேன். தீயணைப்புக்காரர்கள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது வரைக்கும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அன்பா வெறுப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கார்டியும் தீயணைப்பு ஆட்களும் அந்தப் பரணைப் பிரித்து, படிகளையும் பிடுங்கி எடுத்துப் போய்விட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இடது கால் பிழைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை, வேட்டை தொடங்கும் நாள், விடிந்து கொஞ்ச நேரத்தில் மிட்ச் கண் விழித்தான். என்னைப் பார்த்ததும் அழுதான்.

"நீ ரொம்ப நேரம் ஊதின" என்றேன். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் ஆரம்பித்தேன். "எனக்குக் கேட்டுச்சு மிட்ச். கேட்டுட்டேதான் இருந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். தொண்டை கரகரத்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நான் ஊதல. பட்டை நெஞ்ச இறுக்கிருச்சு. மூச்சே வரல."

"அப்ப யாரு?"

"அவன்தான்."

அறையில் இயந்திரம் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு மேல, கிளையில உக்காந்திருந்தான். காலத் தொங்கப் போட்டுட்டு. மொதல்ல என்னக் கொல்லத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். என்னைப் பாக்கவே இல்ல பிரிட்டா. கேபின் பக்கமே பாத்துட்டு, விசில வாயில வச்சு ஊதினான். ஊதுவான், காது கொடுத்துக் கேப்பான், மறுபடி ஊதுவான். எனக்காக." அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "நான் வேணாம்னு தலையாட்டினேன். அப்பதான் ஒரே ஒரு வார்த்தை பேசினான்."

"என்ன?"

"'அக்கா வருவா.'"

எனக்குள் எல்லாம் அடங்கிப்போயிற்று. தன்னைச் சாகவிட்டவனுக்காக என் தம்பி இருபத்தைந்து நிமிஷம் ஊதியிருக்கிறான். என்னை நம்பி. நான் அம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கையை உருவிக்கொண்டு நடைக்கு வந்தேன். சுவரில் சாய்ந்து நின்றேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கார்டி.

"பிரிட்டா." அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. பின்னால் காற்றும் காய்ந்த இலையும் கேட்டன. "நீ ஆஸ்பத்திரியிலயாம்மா இருக்க?"

"ஆமா. நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க வேலி ஓரமா. மானுக்கு உக்காந்திருக்கேன். உங்க ஓக் மரம் இங்கேருந்து தெரியுது."

"சரி."

"நேத்து நானே நின்னு பரணப் பிரிச்சேன்ல? படியக்கூட விட்டு வைக்கல. வெறும் மரம்."

"ஆமா கார்டி. என்னாச்சு?"

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"மேல ஒருத்தன் உக்காந்திருக்கான்மா. விடியறதுக்கு முன்னாடியே இருந்து. கையில வில்லு இல்ல. அடியிலயே ரெண்டு மானு மேயுது, அதைத் திரும்பிக்கூடப் பாக்கல."

"என்னதான் பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. கேபினுக்கு வர்ற ரோட்டையே பாத்துட்டு இருக்கான்."